சோம்பேறி மருமகனும் பூதக்கண்ணாடியும்

சித்தாண்டி ஊரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். இடது கணுக்கால் பூசணிப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. அங்கே ஒரு வட்டையில் எனக்குக் காவல் வேலை. நெல்வயல்கள் ஒரே பரப்பாகக் கிடக்கும் வெளியை இந்தப் பக்கத்தார் வட்டை என்கிறார்கள். பன்றி வந்தால் தகரத்தைத் தட்ட வேண்டும். வராவிட்டால் விழித்திருக்க வேண்டும். இரண்டாவதில்தான் தவறினேன். நான் உறங்கிக்கொண்டிருந்த பரண் என்னையும் சேர்த்துக்கொண்டு சரிந்தது. அந்தச் சத்தத்தில் பன்றிகள் எல்லாம் ஓடிப்போயின. வயல்காரர் அதை என் நல்ல கணக்கில் சேர்க்கவில்லை.

"சோம்பேறிக்குச் சோறு போட்டு வளக்க எனக்கென்ன விசரா? நட மனே," என்றார்.

இதே பட்டத்தை என் தகப்பனார் திருநெல்வேலியில் கொடுத்தார். தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு கங்காணி கொடுத்தார். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இத்தனை பேர் ஒருமனதாகக் கொடுத்த பட்டம் இது ஒன்றுதான்.

ஏறாவூர்த் தென்னைகள் கண்ணில் படும் தூரத்தில் ஒரு மாட்டுவண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கடையாணி எங்கேயோ விழுந்துவிட்டதாம். வண்டிக்காரன் அதைத் தேடிப் பின்னால் போயிருந்தான். ஒரு மாடு படுத்துவிட்டது, மற்றது படுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வண்டியின் உயர்ந்த பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு மரப்பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் அணைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் அவர் தலையில் அடித்தது.

"தம்பி, உமக்குக் கை நடுங்குமோ?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"பசித்தால் நடுங்கும்," என்றேன்.

"அப்ப முதல்ல சாப்பிடும்."

வாழையிலையில் கட்டிய குரக்கன் பிட்டும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் ஊர்க் கேழ்வரகுதான் இங்கே குரக்கன். இரண்டு ஊரிலும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் அடைக்கிறது. நான் தின்று முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்து, பிறகு பெட்டியை என் தலையில் வைத்தார். அப்படியாக நான் விஞ்ஞானத்துக்கு வேலைக்காரனானேன்.

அவர் பெயர் குமாரவேலு, யாழ்ப்பாணத்துக்காரர். சனங்களின் வயிற்றுக்குள் இருக்கும் புழுவைக் கணக்கெடுக்கச் சர்க்கார் அனுப்பியிருந்தது. பெட்டிக்குள் இருந்தது பூதக்கண்ணாடி. ஊசிமுனையில் கோடிக்கு ஒரு பங்கையும் யானையாகக் காட்டுமாம். வண்டியில் இருந்த இரண்டு சாக்கு நிறையச் சின்னச் சின்னத் தகர டப்பாக்கள், மூடியோடு. இவற்றைப் பேணி என்கிறார்கள்.

ஏறாவூரில் ஆதம்பாவா என்ற சாரன் வியாபாரியின், அதாவது கைலி விற்பவரின், தோணியில் இடம் கிடைத்தது. வாவிக்கு, அதாவது நாங்கள் கடக்க வேண்டிய கடற்கழிக்கு, மேற்கே உள்ள ஊர்களுக்குப் படுவான்கரை என்று பெயர், சூரியன் படும் பக்கம். கிழக்கே கடலோரம் எழுவான்கரை. திசையைப் பற்றி யாரிடமும் சண்டை போட முடியாத ஏற்பாடு. ஆதம்பாவா கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பேணிக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்லை. வெறும் பேணி," என்றார் குமாரவேலு.

"வெறும் பேணிய என்னத்துக்குக் கொண்டு போறீங்க?"

"ஊர்ச்சனம் நிரப்பித் தரும்."

"என்னத்தால?"

குமாரவேலு சுற்றி வளைக்காமல் சொன்னார். தோணி நின்றுவிட்டது. ஆதம்பாவா கம்பில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அல்லாவே! நிலத்துக்கு வரி எடுத்தான், தோணிக்கு வரி எடுத்தான், உப்புக்கு எடுத்தான். இந்த வெள்ளக்காரனுக்கு நம்மட்ட எடுக்க வேற ஒண்ணும் மிச்சமில்லையா?" பிறகு கம்பை மறுபடி ஊன்றினார். "கொண்டு போய் விடுறன் ஐயா. ஆனா வரக்குள்ள வேற தோணி பாருங்க."

முதிரையடித்தீவு என்பது ஊரின் பெயர். பெயரில்தான் தீவு, மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் சேறு. தோணி கரைக்கு வெகுமுன்பே தரைதட்டியது. முழங்கால் சேற்றில் இறங்கி, தலையில் பூதக்கண்ணாடியோடு நடந்தேன். பின்னால் குமாரவேலு, "மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்து அவரே விழுந்தார். கோட்டு சாம்பல் நிறமாயிற்று. கரையில் நின்றவர்கள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அவர்களில் கோயில் வண்ணக்கர் ஒருவர். எங்கள் ஊரில் தர்மகர்த்தா என்போமே, அவர். பெரிய மீசை, சிறிய குரல். அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்காயும் இறாலும் போட்ட கறி, பிறகு சுண்டல். சுண்டல் என்றதும் கொண்டைக்கடலையை எதிர்பார்த்துக் கையை நீட்டினேன். பொடிப்பொடியாக அரிந்து வதக்கிய கீரை வந்தது. ஏமாற்றமாக இருந்தாலும் மூன்று தடவை வாங்கினேன். கடைசியாகச் சட்டியோடு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்றார்கள். கவிழ்த்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

அந்தியில் ஓலைப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். குமாரவேலு மேசைமேல் பெட்டியை வைத்து, ஈரம் காயாத கோட்டோடு பேசினார்.

"கொழுக்கிப்புழு எண்டு பேர். குடலில கடிச்சுக்கொண்டு தொங்கும். இரத்தத்தைக் குடிக்கும். இரத்தம் குறைஞ்சவன் மண்வெட்டியைத் தூக்கினா மூச்சு வாங்கும். நாலு எட்டு நடந்தா நெஞ்சு படபடக்கும். ஊர் அவனைச் சோம்பேறி எண்டு சொல்லும். அவன் சோம்பேறி இல்லை. வருத்தக்காரன்!"

வருத்தம் என்றால் இங்கே நோய். கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அங்கே ஒரு தூணில் சாய்ந்தபடி ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அரிசிமாவு பூசியதுபோல முகம். எல்லோரும் தன்னைப் பார்ப்பதை அறிந்து எழுந்து நிற்க முயன்று, பாதியில் அந்த எண்ணத்தைக் கைவிட்டான்.

அவன் பெயர் சாமித்தம்பி. அவன் கதையைப் பக்கத்தில் இருந்தவர் என் காதில் ஓதினார். இந்த நாட்டுப்பக்கம் கல்யாணம் ஆனால் பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு வரும் சீதனம். சாமித்தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் தங்கப்பிள்ளை என்பவளின் மகள் பூரணத்தைக் கட்டி இந்த ஊருக்கு வந்தான். வரும்போது நெல்மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவானாம். இப்போது சோற்றுக் கவளத்தைத் தூக்கவே யோசிக்கிறானாம். அறுவடை முடிந்ததும் அவனைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடப்போவதாகத் தங்கப்பிள்ளை கோயில் முன்றலில் வைத்துச் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அறுவடை முடியச் சில நாள்களே இருந்தன.

"அது வருத்தமில்ல ஐயா," என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தங்கப்பிள்ளைதான். ஒல்லியான, நிமிர்ந்த பெண்பிள்ளை. "திங்கக்குள்ள ஒரு வருத்தமும் இல்ல. மண்வெட்டியக் கண்டாத்தான் வருத்தம் வரும்."

சனம் சிரித்தது. சாமித்தம்பியும் சிரித்தான். அவள் அருகில் கைக்குழந்தையோடு இருந்த பூரணம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, கடைசியாச் சொன்னத்த எங்கட அம்மாவுக்கு இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.

குமாரவேலு இன்னொருக்கால் சொன்னார். தங்கப்பிள்ளை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அன்று தூக்கமே சரியில்லை. காரணம் நம்பிக்கை. நான் சோம்பேறி இல்லை, வருத்தக்காரன் என்றால்? அப்பா, கங்காணி, கடைக்காரர், வயல்காரர் எல்லோருக்கும் ஒரே கடுதாசியில் பதில் எழுதிவிடலாமே!

மறுநாள் ஊர் பூராவும் அந்த நம்பிக்கை பரவியிருந்தது. வண்ணான் துணி கொண்டுவரவில்லை; புழுவாம். வாத்தியார் பள்ளிக்கூடம் திறக்கவில்லை, அவருக்கும் புழுவாம். வேலி கட்ட வரச் சொன்ன ஒருவன் மாமரத்தடியில் படுத்துக்கொண்டு, "கண்ணாடி பாத்து முடியுமட்டும் நான் வருத்தக்காரன்," என்று அறிவித்துவிட்டான். ஒருவனை என்ன சொல்லி ஏசுவது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. சோம்பேறி என்ற சொல்லை அதுவரை யார் வேண்டுமானாலும் யார்மேல் வேண்டுமானாலும் எறியலாம். இப்போது அதற்குச் சர்க்கார் முத்திரை தேவைப்பட்டது.

வீட்டுக்கு வீடு பேணி கொடுத்தோம், ஆளுக்கு ஒன்று. யாருடையது என்று மூடியில் பெயர் எழுதினேன். தங்கப்பிள்ளை ஆறு கேட்டாள். கைக்குழந்தைக்கு வேண்டாம் என்றார் குமாரவேலு. "எங்கட வீட்டுக்கு ஒண்ணு குறையவா?" என்று கேட்டு ஆறையும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை பேணிகள் வந்த கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இந்தச் சனங்கள் ஒரு வீட்டிலிருந்து எதையும் மொட்டையாக அனுப்பமாட்டார்கள். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ ஒன்று போனால் அது குளித்து முழுகி, வெள்ளைத் துணி போர்த்திப் போக வேண்டும். சர்க்கார் கேட்டதற்கும் அதே மரியாதை. சிலர் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் மேலே ஒரு செவ்வரத்தம் பூ வைத்திருந்தார்கள். தங்கப்பிள்ளை வீட்டு ஆறு பேணிகளும் பித்தளை வெற்றிலை வட்டாவில், வெள்ளைத் துணி மூடி, அவள் கையாலேயே வந்தன.

வந்த இடத்தில் தகராறு. கோயிலில் முதல் மரியாதை எந்தக் குடிக்கு, இரண்டாவது எந்தக் குடிக்கு என்று வரிசை உண்டு. குடி என்பது தாய்வழி வரும் குலம். அந்த வரிசையில்தான் பேணியும் மேசைக்குப் போக வேண்டும் என்றார் வண்ணக்கர்.

"இது கோயில் இல்லைக் காணும்!" என்றார் குமாரவேலு.

"ஓம் ஐயா. அதாலதான் இன்னும் கவனமாச் செய்யணும். கோயில்ல பிழை விட்டா அம்மன் பொறுப்பா. சனம் பொறுக்காது."

கடைசியில் வரிசைப்படியே வைத்தோம். நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வாங்கினேன். என் பேணிக்கு இந்த ஊரில் குடி கிடையாது, கடைசியில் வைத்தார்கள்.

அன்று முழுவதும் மேகம். பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. அது சூரியனைப் பிடித்து மேலே அனுப்பினால்தான் ஏதாவது தெரியும். சூரியன் வரவில்லை. விஞ்ஞானமும் எங்கள் ஊர் வடகம்போல வெயிலை நம்பியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பேணிகளும் நாங்களும் ஒரே கூரையின் கீழ் காத்திருந்தோம். மத்தியானச் சோற்றைக் குமாரவேலு வெளியே ஆலமரத்தடியில் வைத்து உண்டார். நானும்தான்.

மறுநாள் வெயில் வந்தது. குமாரவேலு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது. வண்ணக்கருக்குப் புழு இருந்தது. அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "ஆக்கள்ள எனக்குத்தான் கூடவா ஐயா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை, கொஞ்சம்தான் என்றதும் அதற்கும் முகம் சுளித்தார். வாத்தியாருக்கு இல்லை. அவர் பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

சாமித்தம்பியின் பேணி வந்தது. குமாரவேலு பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சாமித்தம்பியைக் கூப்பிட்டு அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. மூன்றாம் தடவை கண்ணாடியில் பார்த்தார்.

"இல்லை," என்றார். "புழு இல்லை."

"நான் சொன்னன்தானே!" தங்கப்பிள்ளை கைகொட்டினாள். "இவ்வளவு நாளும் நான் சொல்லக்குள்ள மாமி ஏசுறா எண்டு சொன்னீங்க. இப்ப ஆர் சொல்ற? கண்ணாடி சொல்லிப்போட்டு!"

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் சாமித்தம்பியின் பாயும் தலையணையும் கடப்படியில், அதாவது வேலி வாசலில், வெளிப்பக்கம் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன. அறுவடை முடியும்வரை பொறுப்பதற்கு இனிக் காரணம் இல்லை. ஒரு மாமியாரின் கோபம் இரண்டு நாளில் ஆறியிருக்கும். கண்ணாடியின் தீர்ப்புக்கு யாரிடம் போய் மனுச் செய்வது? குமாரவேலு இந்த ஊருக்கு ஒரு சோம்பேறியைக் காப்பாற்ற வந்து, அவனுக்கு அத்தாட்சி எழுதிக் கொடுத்துவிட்டார்.

பூரணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள். "அம்மா, அவர் பொய்க்கு மூச்சு வாங்குறவரா? நான் பக்கத்தில படுக்கிறவள், எனக்குத் தெரியாதா?"

"உனக்கென்ன தெரியும்? அவ்வளவு பெரிய கண்ணாடிக்கே தெரியல்ல."

என் முடிவும் வந்திருந்தது. எனக்கும் புழு இல்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். "தம்பி, உமக்குக் குதிரைக் குடல்," என்றார் குமாரவேலு. இருபத்தைந்து வருஷத்துச் சோம்பலும் என் சொந்த உழைப்பு என்று ஆயிற்று.

ஆகவே ஒரு சோம்பேறி இன்னொரு சோம்பேறிக்குச் செய்ய வேண்டிய மரியாதையாக, சாமித்தம்பியின் பாயைத் தலையணையோடு சுருட்டி என் தோளில் போட்டுக்கொண்டேன். "வா தம்பி, என்னோடு திரி. பெரியகல்லாறு வரை நடந்தால் மீன்வாடியில் ஏதாவது வேலை கிடைக்கும். கிடைத்தாலும் இரண்டு நாளில் விரட்டிவிடுவார்கள். பழகிவிடும்," என்றேன்.

அவன் நல்ல பிள்ளை. வந்தான். வேலியோரம் கொஞ்ச தூரம் நடந்து ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, நீங்க போங்க. நான் இவடத்த கொஞ்சம் இருந்து வாறன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது," என்றான். "நேத்தும் இப்பிடித்தான் வயலுக்குப் போகக்குள்ள இருந்தன். ஒழும்பக்குள்ள பொழுது பட்டுட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோம்பல் என்றால் எனக்குத் தெரியும். அதில் நான் பண்டிதன். சோம்பேறி உட்காரும்போது அவன் முகத்தில் ஒரு சுகம் இருக்கும். இவன் முகத்தில் அது இல்லை.

நான் பாயை மரத்தடியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன், வீங்கிய காலோடு. அங்கே குமாரவேலு கண்ணாடியில் கண்ணை வைத்தபடி தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

"மிளகாய் விதை," என்றார் என்னைப் பார்த்ததும். "இறால் ஓடு. குரக்கன் உமி."

"யாருடைய பேணி ஐயா?"

மூடியைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்துத்தான். தங்கப்பிள்ளையின் பேரன், பல் முளைக்காத கைக்குழந்தை.

"மற்ற அஞ்சையும் திரும்பப் பாத்தன். எல்லாத்திலயும் இதே விதை, இதே ஓடு. ஆறு பேரும் ஒரே வயிறு," என்றார்.

இருவரும் தங்கப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். எங்கள் முகத்தைக் கண்டு ஊர் பின்னாலேயே வந்தது. குமாரவேலு கேட்டதும் அவள் மறைக்கவே இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

"ஓம், எல்லாம் என்ட மூத்தவன்ட. அவன் வருசம் முழுக்க மாட்டுப்பட்டியில கிடக்கிறவன், தயிரும் பாலும் குடிச்சி எருமைமாதிரி இரிக்கான். ஆறையும் அவன்தான் நிரப்பினான், பாவம், முதல் நாள் பொழுது படக்குள்ள குந்தினவன்."

"ஏன் அம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"என்ன ஐயா கேள்வி இது? எங்கட வீட்டில இரிந்து ஒண்ணு வெளிய போனா நல்லதுதான் போகும். கோயிலுக்குப் புழுத்த அரிசியா அனுப்புற? துரைமார் பாக்கிற கண்ணாடிக்குச் சொத்தையக் குடுத்தா என்ட குடிக்கு என்ன மரியாத?"

குமாரவேலு தலையில் கைவைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது.

"இன்னும் ஆரார்?" என்றார்.

ஒருவன் இருமினான். பிறகு மெதுமெதுவாக வெளியே வந்தது. அநேகமாக எல்லா வீட்டிலும் வீட்டுக்குச் சிறந்த ஒருவனைத் தேர்ந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் யாருமே திடமாக இல்லாதவர்கள் உறவு வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வலைபோடும் தம்பிராசா என்ற ஒருவன் மட்டும் நாலு வீட்டுக்குக் கொடுத்திருந்தான், நல்ல மனுஷன். உண்மையைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் வண்ணக்கர். தன்னைவிடச் சிறந்தவர் ஊரில் இல்லை என்பது அவர் எண்ணம். இன்னொருவன் நான். எனக்குக் கொடுக்க ஆளில்லை.

"அந்தாளிட பேணிய அந்தாளே நிரப்பட்டும் அம்மா," என்றாள் பூரணம். "உங்கட மரியாத ஒரு பேணில குறைஞ்சி போகாது."

தங்கப்பிள்ளை மறுக்கவில்லை. "நிரப்பட்டும். அதிலயும் இல்லையெண்டாத்தான் உனக்குப் புத்தி வரும்."

சாமித்தம்பிக்குப் புதுப் பேணி கொடுத்தோம். ஊரே காத்திருக்க ஒரு மனுஷன் அந்தக் காரியத்தைச் செய்வது லேசில்லை. மேகமும் மேற்கே திரண்டுகொண்டிருந்தது. "கெதியா! கெதியா!" என்று குமாரவேலு வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். "ஐயா, நீங்க கூப்பிடாம இரிந்தா வரும்," என்று புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

வெயில் மறைவதற்குச் சற்று முன்பு குமாரவேலு கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கினார். தங்கப்பிள்ளையைக் கையால் அழைத்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் குனிவதுபோல் குனிந்தாள்.

அவளுக்குப் பிறகு நானும் பார்த்தேன். அழகாகவே இருந்தது. மெல்லிய கண்ணாடிக் கூடு போன்ற முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு உருண்டை. எங்கு திருப்பினாலும் முட்டை. வானத்தில் நட்சத்திரம் பார்ப்பதுபோல ஓர் எண்ணம் வந்தது. பிறகு அது எங்கிருந்து வந்தது என்ற நினைவும் வந்தது.

தங்கப்பிள்ளை கண்ணாடியைச் சுற்றி வந்து இன்னொரு தடவை குனிந்தாள். பிறகு, "இது எப்பிடி உள்ளுக்குப் போற?" என்றாள்.

"காலால. ஈரமண்ணில குஞ்சு கிடக்கும். வெறுங்காலோட மிதிச்சா விரலிடுக்கால ஏறும்."

"எந்த மண்?"

"சனம் வெளிக்கிருக்கிற மண்."

"எங்கட வளவுக்குப் பின்னால…" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். வாழை நிற்கும் அந்தக் கொல்லையில்தான் வீட்டார் எல்லோரும் ஒதுங்குவது. மூத்தவன் மாட்டுப்பட்டியிலேயே கிடந்ததால் அந்த மண்ணை அதிகம் மிதிக்கவில்லை. மருமகன் இரண்டு வருஷமாகத் தினமும் மிதித்து வாழைக்குத் தண்ணீர் கட்டினான். அவன் நெல்மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கியது அந்த வளவுக்கு வருமுன். அவள் தாய் அவளுக்குக் கொடுத்து, அவள் மகளுக்குக் கொடுத்த சீதன வளவு.

ஆனாலும் அவள் லேசில் விடுகிறவள் இல்லை. தன் பேணியையும் கேட்டு வாங்கி மறுநாள் கொடுத்தாள். அதிலும் இருந்தது.

"பாத்தீங்களா? எனக்கும் இரிக்கி. நான் நெல்லுக் குத்தல்லையா? தண்ணி அள்ளல்லையா? எனக்கு வராத சோம்பல் அவருக்கு மட்டும் எப்பிடி வாற?"

நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது. குமாரவேலு கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்களுக்குப் பத்து முட்டை கண்டனான் அம்மா. அவருக்கு எண்ணி முடிக்கேலாமல் விட்டனான். நீங்கள் அவருடைய அளவு புழுவை வைச்சுக்கொண்டு ஒரு நாள் நெல்லுக் குத்திப் பாருங்கோ, பிறகு கதைப்பம்."

அவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். எனக்குப் போக வேறு இடமும் இல்லை. பூவரச மரத்தடியில் சாமித்தம்பி தன் பாயில் படுத்திருந்தான். முந்திய இரவும் அங்கேதான் கிடந்தான். பூரணம் வேலிக்கு மேலால் சோறு கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கப்பிள்ளை அவனைப் பார்க்காமல், அவனுக்கு மேலே இருந்த கிளையைப் பார்த்துப் பேசினாள்.

"மழை வரப்போகுது. பாய் நனைஞ்சா மறுகா ஆர் காய வைக்கிற? எடுத்து உள்ள வை மனே."

மகனே என்று அழைத்தது என்னைத்தான். பாயையும் தலையணையையும் எடுத்தேன். அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். கடப்படியில் பூரணம் தலையணையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் மற்ற வீட்டாரும் அவரவர் பேணியை அவரவரே நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் வெள்ளாப்பில், அதாவது விடியலில், மருந்து. கசப்பெண்ணெய் ஒரு சொட்டு விடாமல் குடிக்க வேண்டும், சற்றுப் பொறுத்துப் பேதி உப்பு. ஊரில் பாதிப் பேர் வரிசையாக நின்று குடித்துவிட்டு, வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடினார்கள். சாமித்தம்பி குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அடுத்த கணம் அவனும் ஓடினான். அவன் ஓடியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தபோது தங்கப்பிள்ளை ஒரு மண்வெட்டியோடு வந்தாள்.

"உனக்குப் புழு இல்லதானே?"

"இல்லை அம்மா."

"அப்ப வெட்டு. கக்கூசுக் குழி. ஆழமா வெட்டணுமாம், ஐயா சொன்னார்."

வாழைக்கு எட்டத்தில், மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்து நின்றாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எவ்வளவு அகலம் வேண்டும், வீட்டில் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். அவள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாழைகளுக்கு நடுவே மருமகன் இரண்டாம் தடவையாக ஓடிக்கொண்டிருந்தான்.

"பெருசா வெட்டு மனே," என்றாள். "மாப்பிள்ளைக்கும் சேத்து வெட்டு."

மேல்மண் இளக்கமாகத்தான் இருந்தது. வெட்டத் தொடங்கினேன்.